பழைய ஜென்செட்டை சரி பண்ணவா, புதுசு வாங்கவா, இல்ல இன்வெர்ட்டரா? ரேடியோ பெஞ்ச் இருக்கிற வட சென்னை வீட்டுக்கு எது சரி

ஐப்பசி பொறக்குறதுக்கு முன்னாடி ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒருத்தர் இந்த கேள்விய கேட்டுடுவாங்க. இந்த தடவை மூணு பேரு.

முதல்ல தண்டையார்பேட்டை தம்பி ஒருத்தன். சொந்த வீடு, மொட்டை மாடி இருக்கு, அங்க ஒரு ஷீட் போட்ட ரூம்ல ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் எல்லாம் பிரிச்சு மேய்ஞ்சுகிட்டு இருப்பான். அவங்க அப்பா காலத்து டூ ஸ்ட்ரோக் ஜென்செட் (பெட்ரோல்ல ஆயில் கலந்து ஓட்டுற சின்ன ஜெனரேட்டர்) ஒண்ணு மாடிப்படி கீழ சாக்கு போட்டு மூடி 6 வருஷமா தூங்குது. "அண்ணே, இத எடைக்கு போட்டுட்டு புதுசு வாங்கிடவா?"ன்னு கேட்டான்.

ரெண்டாவது எர்ணாவூர் அக்கா. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல அவங்க தெருவுல நாள் கணக்குல கரண்ட் இல்ல, அம்மாவோட இன்சுலின் ஃபிரிட்ஜ்ல இருந்துச்சு, ஐஸ் கட்டி தேடி அலைஞ்சாங்க. பையன் ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கா ரேடியோவுலயே மத்தவங்களோட பேசுறது) லைசென்ஸ் எடுத்திருக்கான், ஆரம்ப நிலையான ரெஸ்ட்ரிக்டட் கிரேடு, அவனுக்கும் செட்டு ஓடணும்.

மூணாவது பெரம்பூர் சார், ரயில்வேல ரிடயர்டு. மூணாவது மாடி ஃபிளாட். ராத்திரி 9 மணிக்கு மேல மீடியம் வேவ், ஷார்ட் வேவ் கேக்குறது தான் அவரோட உலகம். அவருக்கு கரண்ட் போறது மிஞ்சிப் போனா ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம்.

மூணு பேரும் ஒரே கேள்விய தான் கேட்டாங்க, ஆனா மூணு பேருக்கும் பதில் வேற வேற. அதனால எத வச்சு முடிவு பண்ணணும்னு முதல்ல பேசிடுவோம், மெஷின் பத்தி அப்புறம்.

## முதல்ல பார்க்க வேண்டியது

எத்தனை மணி நேரம். இது தான் எல்லாத்தையும் விட பெருசு. தினசரி ஒரு மணி நேரம் போற கரண்ட்டும், புயலுக்கு அப்புறம் மூணு நாள் வராத கரண்ட்டும் ரெண்டு தனித்தனி பிரச்சனை, ஒரே பொருளால ரெண்டையும் அடிக்கணும்னு நினைக்கிற இடத்துல தான் பணம் வீணாகுது.

எவ்ளோ லோடு, அதுல மோட்டார் இருக்கா. ஃபேன், லைட், ரேடியோவெல்லாம் வாட் கணக்கை கூட்டினா முடிஞ்சுது. ஃபிரிட்ஜும் சம்ப் மோட்டாரும் அப்படி இல்ல, ஓடும்போது 150 வாட் இழுக்கிற ஃபிரிட்ஜ் ஸ்டார்ட் ஆகுற அந்த ஒரு நொடி நாலஞ்சு மடங்கு கேக்கும். அரை எச்பி மோட்டார்னா 370 வாட் தானேன்னு 650 வாட் ஜென்செட்ல மாட்டினீங்கன்னா மோட்டார் "ம்ம்ம்"னு முனகிட்டு நிக்கும், காயில் சூடாகும், அவ்ளோ தான்.

ரேடியோவுல எவ்ளோ இரைச்சல் வருது. இத கடைக்காரங்க யாரும் சொல்ல மாட்டாங்க, ஏன்னா அவங்ககிட்ட யாரும் கேக்குறதில்ல. நம்மள மாதிரி ஆளுங்களுக்கு இது தான் உயிர்.

புகை, சத்தம், வைக்கிற இடம். ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை மாதிரி இடத்துல சுவத்துக்கு சுவர் ஒட்டின வீடு. நம்ம சைலன்சர் பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு நேரா தான் இருக்கும்.

உப்புக்காத்தும் தண்ணியும். கடல்ல இருந்து ரெண்டு கிலோமீட்டருக்குள்ள இருக்கிற எந்த வீட்டுலயும் அலுமினியம் வெள்ளை பூக்கும், செம்பு பச்சை பூக்கும். அதோட கீழ்வீட்டுக்குள்ள தண்ணி ஏறுமான்னும் பாருங்க.

நம்ம கையால சரி பண்ண முடியுமா. புயல் அன்னைக்கு எந்த சர்வீஸ் சென்டரும் போன் எடுக்காது.

கொஞ்ச வருஷத்துக்கு மொத்த செலவு. வாங்குற விலை மட்டும் இல்ல.

## பழைய ஜென்செட்டை நாமே சரி பண்றது

இதுல கொஞ்சம் நேரம் எடுத்துக்கிறேன், ஏன்னா பெரும்பாலான வீட்டுல இந்த மெஷின் ஏற்கனவே ஒரு மூலைல கிடக்குது, "ஸ்டார்ட் ஆகல"ன்ற ஒரே காரணத்துக்காக எடைக்கு போயிடுது, அத பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும்.

என்கிட்ட இருக்கிறது 63 சிசி டூ ஸ்ட்ரோக், 650 வாட். பழைய வண்ணாரப்பேட்டைல ஒரு மைக் செட் கடைக்காரர் கடைய மூடும்போது 1,500 ரூபாய்க்கு எடுத்தேன். கயிறு இழுத்தா ஒரு தும்மல் கூட போடல. அத எழுப்பின கதைய அப்படியே சொல்றேன், உங்க மெஷினுக்கும் முக்காவாசி இதே தான் இருக்கும்.

எந்த இன்ஜினா இருந்தாலும் மூணு விஷயம் தான்: ஸ்பார்க், பெட்ரோல், கம்ப்ரஷன். பிளக்க கழட்டி கேப்ல மாட்டி அதோட இரும்பு பாகத்தை இன்ஜின் பாடில ஒட்டி வச்சு கயித்த இழுத்தேன், நீலமா பொறி வந்துச்சு (பிளக் ஓட்டைக்கு பக்கத்துல வச்சு இத பண்ணாதீங்க, உள்ள இருக்கிற பெட்ரோல் ஆவி பத்திக்கும்). ஓட்டைல கட்டை விரல் வச்சு அழுத்திகிட்டு இழுத்தா விரலை தள்ளிட்டு காத்து வருது, அப்போ கம்ப்ரஷனும் உயிரோட தான் இருக்கு. மிச்சம் கார்புரேட்டர்.

அத கழட்டி கீழ இருக்கிற கிண்ணத்த திறந்தேன். உள்ள பெட்ரோல் இல்ல, விளக்கெண்ணெய் மாதிரி கெட்டியா பழுப்பும் பச்சையுமா ஒரு பிசின், அடியில வெள்ளை மாவு. ஃப்ளோட் ஊசி அதுலயே ஒட்டிகிட்டு நின்னுது. மெயின் ஜெட்ட வெளிச்சத்துக்கு நேரா தூக்கி பார்த்தா ஊசி முனை அளவு வெளிச்சம் கூட வரல. ஜெட் பித்தளை, அத குண்டூசியோ இரும்பு கம்பியோ விட்டு குத்தினா ஓட்டை பெருசாயிடும், அப்புறம் இன்ஜின் பெட்ரோல அள்ளி குடிக்கும். ஃப்ளெக்ஸ் வயரை உரிச்சு ஒரே ஒரு செம்பு இழைய எடுத்து விட்டு சுத்தம் பண்ணணும், அப்புறம் கார்ப் கிளீனர் ஸ்ப்ரே. ராத்திரி முழுக்க ஊற வச்சு காலைல மாட்டினேன், நாலாவது இழுப்புல பிடிச்சுது.

ஏன் அப்படி பிசின் ஆகுதுன்னா, பெட்ரோல் மாசக்கணக்குல நின்னா லேசானது ஆவியாகி கெட்டி மட்டும் தங்கும். இப்போ அதோட இன்னொண்ணு சேர்ந்துகிச்சு, பங்க்ல வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால். எத்தனால் காத்துல இருக்கிற ஈரத்த இழுக்கும், நம்ம கடலோர காத்துல ஈரத்துக்கு பஞ்சமே இல்ல, ஒரு அளவுக்கு மேல போனா தண்ணி தனியா பிரிஞ்சு கிண்ணத்துக்கு அடியில உக்காந்துக்கும், அந்த வெள்ளை மாவு அலுமினியம் அரிச்சதால வர்றது. பழைய மெஷின்ல இருக்கிற ரப்பர் டியூப், சீல் எல்லாம் எத்தனாலுக்காக செஞ்சது இல்ல, ஊதி வெடிச்சுடும். அதனால சரி பண்ணும்போதே டியூப், ஃப்ளோட் ஊசி, கேஸ்கட் மூணையும் மாத்திடுங்க. ஒவ்வொரு தடவை ஓட்டி முடிச்சதும் பெட்ரோல் வர்ற வால்வ மூடிட்டு கிண்ணத்துக்கு அடியில இருக்கிற ஸ்க்ரூவ தளர்த்தி வடிச்சு விடுங்க. இந்த ஒரு பழக்கம் இருந்தா அடுத்த மழைக்கும் மெஷின் எழும்பும்.

ஸ்டார்ட் ஆனா வேலை முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. நான் மீட்டர் வச்சு பார்த்தேன், 150 வோல்ட் தான் வருது. என் மெஷின்ல பிரஷ் கிடையாது, ஒரு கெபாசிட்டர் தான் வோல்டேஜ தூக்கி நிறுத்துது. இன்ஜின நிறுத்தி கெபாசிட்டரை டிஸ்சார்ஜ் பண்ணி அளந்தா, 12 மைக்ரோ ஃபாரட்னு எழுதியிருக்கிற இடத்துல 7 தான் காட்டுது. எலக்ட்ரானிக்ஸ் சாமான் விக்கிற ரிச்சி ஸ்ட்ரீட்ல அதே மதிப்பு, அதே வோல்டேஜ் ரேட்டிங்ல வாங்கி மாட்டினேன், 225க்கு வந்து நின்னுது. மீட்டர்ல ஹெர்ட்ஸ் இருந்தா அதையும் பாருங்க. இந்த சின்ன மெஷின் 3000 ஆர்பிஎம்ல ஓடினா தான் 50 ஹெர்ட்ஸ். லோடு இல்லாதப்போ 51, 52, லோடு போட்டா 50 பக்கம் இறங்கணும். இன்ஜின் வேகத்த மாத்துற கவர்னர் ஸ்க்ரூல கை வைக்கிறதா இருந்தா மீட்டர் மாட்டிகிட்டு தான் வைக்கணும், காதால கேட்டு ஏத்தினா வோல்டேஜ் எகிறி பெஞ்ச்ல இருக்கிற செட்டு போயிடும்.

இப்போ ரேடியோ சமாச்சாரம். 3000 ஆர்பிஎம்ல டூ ஸ்ட்ரோக் ஒரு நொடிக்கு 50 தடவை பொறி விடுது, ஒவ்வொரு பொறியும் ஒரு குட்டி டிரான்ஸ்மிட்டர். ரேடியோவுல அது "டர்ர்ர்ர்"னு மீடியம் வேவ்ல இருந்து மேல வரைக்கும் எல்லா இடத்துலயும் கேக்கும். பழைய மெஷின்ல பெரும்பாலும் ரெசிஸ்டர் இல்லாத பிளக் தான் இருக்கும். நம்பர்ல 'ஆர்' எழுத்து இருக்கிற ரெசிஸ்டர் பிளக்கும் 5 கிலோ ஓம் ரெசிஸ்டர் வச்ச பிளக் கேப்பும் மாத்தினேன், 300 ரூபாய் கூட ஆகல, ஹாம் ஆளுங்க பேசுற 7 மெகாஹெர்ட்ஸ்ல இரைச்சல் பாதிக்கு மேல அடங்கிடுச்சு. மிச்சத்த மெஷின ஏரியல்ல இருந்து எவ்ளோ தூரம் தள்ளி வைக்க முடியுமோ அவ்ளோ தள்ளி வச்சும், அவுட்புட் வயர்ல ஃபெரைட் (இரைச்சல அடக்குற கருப்பு வளையம்) மாட்டியும் குறைச்சேன்.

கைக்கு வராத வேலையும் இருக்கு. கிராங்க் சீல் போயிருந்தாலோ பிஸ்டன்ல கோடு விழுந்திருந்தாலோ வீட்டு டூல்ஸ்ல ஆகாது. அந்த விஷயத்துல நம்ம ஏரியாவுக்கு ஒரு கொடுப்பினை இருக்கு. 1950கள்ல இருந்து திருவொற்றியூர்ல என்ஃபீல்டு பைக் ஃபேக்டரி ஓடின ஊரு இது, எண்ணூர்ல லேலண்ட், பெரம்பூர்ல ரயில்வே ஒர்க்‌ஷாப், ரயில் பெட்டி செய்யிற ஐசிஎஃப். ரெண்டு தெருவுக்கு ஒரு ரிடயர்டு ஃபிட்டரோ டர்னரோ இருப்பாரு. காசிமேட்டுல அவுட்போர்டு இன்ஜின் பார்க்கிற மெக்கானிக்குங்க இருக்காங்க, டூ ஸ்ட்ரோக் அவங்க கைல விளையாடும். புதுசா கடை போட்ட பைக் மெக்கானிக் பசங்க நல்லா வேலை செய்வாங்க, ஆனா அவங்க பழகினது ஃபோர் ஸ்ட்ரோக்கும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனும், அதனால இந்த மெஷின வயசான கைங்ககிட்ட கொண்டு போங்க. பார்ட்ஸுக்கு புதுப்பேட்டை.

மறைமுக செலவு: பெட்ரோல். என் மெஷின் அரை லோடுல ஒரு லிட்டருக்கு ஒன்றரை மணி நேரம் ஓடுது. லிட்டர் 100 ரூபாய் சொச்சம்னா மணிக்கு 70 ரூபாய் கிட்ட ஆகுது, 2டி ஆயில் தனி. ஆயில் அளவ மெஷின் லேபிள்ல பாருங்க, 50க்கு 1னா லிட்டருக்கு 20 மில்லி, 25க்கு 1னா 40 மில்லி. ஆயில் கலக்க மறந்து ஒரே ஒரு டேங்க் ஓட்டினா பிஸ்டன் பிடிச்சுக்கும், மெஷின் கதை அன்னையோட முடிஞ்சுது.

## புதுசா ஜென்செட் வாங்குறது

இதுல ரெண்டு ஜாதி. விலை குறைஞ்ச டூ ஸ்ட்ரோக், பாக்க பழசு மாதிரியே இருக்கும், பத்து பதினஞ்சாயிரத்துக்குள்ள கிடைக்கும். அத வாங்குறதுக்கு உங்ககிட்ட இருக்கிற பழச சரி பண்ணிடலாம், உள்ள இருக்கிறது ஒண்ணு தான், பழசுல இரும்பு கெட்டியா வேற இருக்கும். அதனால இங்க நான் பேசுறது ஃபோர் ஸ்ட்ரோக் மட்டும்.

ஃபோர் ஸ்ட்ரோக்னா ஆயில் கலக்குற வேலை இல்ல, புகை கம்மி, பெட்ரோல் கம்மியா குடிக்கும், 2 கேவிஏ (ஜென்செட்டோட சக்தி அளவு) எடுத்தா ஃபிரிட்ஜும் அரை எச்பி மோட்டாரும் (ரெண்டும் ஒரே நேரத்துல ஸ்டார்ட் ஆகாம பார்த்துக்கணும்) தாங்கும். செல்ஃப் ஸ்டார்ட் வச்ச மாடலும் இருக்கு. வீட்டுல பெரியவங்களோ பொம்பளைங்களோ மட்டும் இருக்கும்போது கரண்ட் போனா கயிறு இழுக்கிறது எவ்ளோ கஷ்டம்னு யோசிச்சு பாருங்க, அதுக்கு செல்ஃப் ஸ்டார்ட்டுக்கு கூடுதலா குடுக்கிற காசு தகும்.

இன்வெர்ட்டர் ஜென்செட்னு ஒண்ணு விக்கிறாங்க, சத்தம் ரொம்ப கம்மி, லோடுக்கு தகுந்த மாதிரி வேகத்த குறைச்சுக்கும், ஆனா நல்ல கம்பெனில அரை லட்சத்த தாண்டிடும். அதுல கரண்ட்டு சுத்தமா இருக்கும்னு சொல்லுவாங்க, கம்ப்யூட்டருக்கு சுத்தம் தான், ரேடியோவுக்கு அப்படின்னு கண்ண மூடிட்டு சொல்ல முடியாது. உள்ள ஸ்விட்சிங் சர்க்யூட் (வேகமா ஆன், ஆஃப் ஆகிகிட்டே இருக்கிறது) தான் கரண்ட்டு செய்யுது, அதோட இரைச்சல் சில மாடல்ல ஷார்ட் வேவ்ல நல்லாவே கேக்கும். வாங்குறதுக்கு முன்னாடி ஒரு சின்ன ரேடியோவ கடைக்கு எடுத்துட்டு போய் மெஷின ஓட்ட சொல்லி பக்கத்துல வச்சு கேட்டுடுங்க. ஆகாசவாணி சென்னை 720 கிலோஹெர்ட்ஸ வச்சு டெஸ்ட் பண்ணாதீங்க, அது நம்ம ஊருக்குள்ள அவ்ளோ பலமா வரும், எந்த இரைச்சலும் அமுங்கிடும். ஸ்டேஷன் இல்லாத இடத்துல டயல நிறுத்தி மெஷின் ஓடும்போதும் நிறுத்தினதுக்கு அப்புறமும் கேளுங்க, வித்தியாசம் உங்க காதே சொல்லும்.

மறைமுக செலவு இதுல நிறைய. முதல் 20 மணி நேரத்துல ஒரு ஆயில் மாத்தணும், அத யாரும் பண்றதில்ல. மாசத்துக்கு ஒரு தடவையாவது லோடோட 15 நிமிஷம் ஓட்டணும், இல்லேன்னா மேல சொன்ன அதே பிசின் கதை புதுசுலயும் தான். அடுத்தது சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் (தெரு கரண்ட், ஜென்செட் ரெண்டுல ஒண்ண மட்டும் வீட்டுக்கு இணைக்கிறது), இதுக்கு எலக்ட்ரீஷியன் கூலியோட சேத்து ரெண்டு மூவாயிரம் தனியா எடுத்து வைங்க.

இந்த சேஞ்ச்ஓவர் விஷயத்த பழசு, புதுசு ரெண்டுக்கும் சேத்தே சொல்றேன். ரெண்டு பக்கமும் பின் வச்ச வயர் ஒண்ணு செஞ்சு, ஜென்செட்ல ஒரு பக்கம், சுவத்து பிளக்ல ஒரு பக்கம் சொருகி வீடு முழுக்க கரண்ட் குடுக்கிறாங்க. தயவு செஞ்சு பண்ணாதீங்க. மெயின ஆஃப் பண்ண மறந்தா அந்த 230 வோல்ட் தெரு லைனுக்கு போய், டிரான்ஸ்ஃபார்மர் வழியா தலைகீழா ஏறி 11,000 வோல்ட்டா மாறிடும். லைன் செத்துப் போச்சுன்னு நம்பி மழைல கம்பத்துல ஏறியிருக்கிற ஆளு உயிர் அதுல போகும். சேஞ்ச்ஓவர் போட காசு இல்லேன்னா எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வச்சு நேரா ஃபிரிட்ஜுக்கும் ஃபேனுக்கும் குடுங்க, போதும்.

புகையும் அப்படி தான். கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் இல்ல, வாடை இல்ல, தலை வலிக்குதுன்னு படுத்தவங்க எழுந்திருக்கவே இல்ல. மாடிப்படி, பால்கனி, ஷட்டர் பாதி திறந்த கடை, இது எதுவும் வெளியிடம் இல்ல. மொட்டை மாடி, இல்ல நாலு பக்கமும் திறந்த முற்றம், அங்க தான் ஓடணும், ஜன்னல்ல இருந்து தள்ளி.

## இன்வெர்ட்டரும் பேட்டரியும்

புகை இல்ல, சத்தம் இல்ல, கரண்ட் போன அதே நொடில எடுத்துக்கும். ஃபிளாட்ல இருக்கிறவங்களுக்கு இத விட்டா வேற வழியும் இல்ல.

கணக்கு இப்படி. 150 ஏஎச் (ஆம்பியர் மணி, பேட்டரியோட கொள்ளளவு) டியூபுலர் பேட்டரில, அதாவது வீட்டு இன்வெர்ட்டருக்கு போடுற தண்ணி ஊத்துற பேட்டரில, 12 வோல்ட்டுக்கு 1800 வாட் மணி இருக்கு. அதுல பாதி தான் எடுக்கணும், அடிமட்டம் வரைக்கும் உறிஞ்சினா ஆயுசு குறையும். பாதின்னா 900, இன்வெர்ட்டர்ல போற நஷ்டம் கழிச்சா 720. பழைய 75 வாட் ஃபேன் ரெண்டு, 20 வாட் டியூப் லைட் ரெண்டு, மொத்தம் 190 வாட், நாலு மணி நேரத்துக்கு கொஞ்சம் கம்மி. அதே ஃபேன பிஎல்டிசிக்கு (கரண்ட் கம்மியா இழுக்கிற மோட்டார் வச்சது) மாத்தினா ஒண்ணு 30 வாட் தான், மொத்தம் 100 வாட் ஆகுது, 7 மணி நேரம் தாண்டும். பெரிய பேட்டரிக்கு காசு போடுறதுக்கு முன்னாடி ஃபேன மாத்துங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லிகிட்டே இருக்கேன்.

இப்போ நான் பட்டது. 'ப்யூர் சைன் வேவ்'னு (தெரு கரண்ட் மாதிரியே வழவழன்னு ஏறி இறங்குற அலை) சொல்லி ஒரு கடையில ஒரு இன்வெர்ட்டர தலைல கட்டினாங்க. வீட்டுக்கு வந்து ஓட்டினா ஃபேன்ல ஒரு உறுமல், 7 மெகாஹெர்ட்ஸ்ல ரிசீவர போட்டா சிக்னல் பலத்த காட்டுற எஸ் மீட்டர் முள்ளு 9ல போய் ஒட்டிகிச்சு, ஒரு குரல் கூட வெளிய வரல. அலைய படமா காட்டுற ஸ்கோப்ல பார்த்தா படிக்கட்டு மாதிரி அலை. திருப்பி எடுத்துக்க மாட்டேன்னுட்டாங்க. ஃபேன் உறுமுச்சுன்னா அது சைன் வேவ் இல்ல, இந்த ஒரு சோதனைக்கு ஸ்கோப் கூட தேவையில்ல, கடையிலயே ஒரு ஃபேன மாட்டி கேட்டுடலாம்.

அந்த கோவத்துல தான் எனக்கு ஒரு விஷயம் உறைச்சுது. ரேடியோவுக்கு வேணும்ன்றது 12 வோல்ட் டிசி. பேட்டரில இருக்கிறதும் 12 வோல்ட் டிசி. நடுவுல எதுக்கு அத 230 ஏசியா மாத்தி, திரும்ப அடாப்டர்ல 12 ஆக்கணும்? ரெண்டு தடவை மாத்துற இடத்துல தான் இரைச்சலும் பொறக்குது, கரண்ட்டும் வீணாகுது. ஒரு ஆம்பியர் இழுக்கிற ரிசீவர அதே 150 ஏஎச் பேட்டரில நேரா மாட்டினா, பாதி வரைக்கும் எடுத்தா கூட 75 மணி நேரம். மூணு நாள். புயல் அடிச்சு கரண்ட் திரும்ப வர்ற வரைக்கும் கேட்டுகிட்டே இருக்கலாம்.

மாட்டும்போது பேட்டரி டெர்மினலுக்கு பக்கத்துலயே ஃபியூஸ் போடணும், ரிசீவர் மட்டும்னா 5 ஆம்பியர் போதும், 100 வாட் டிரான்ஸ்சீவர்னா (கேக்கவும் பேசவும் முடியிற செட்டு) பேசும்போது 20 ஆம்பியர் கிட்ட இழுக்கும், தடிமனான வயரும் 25, 30 ஆம்பியர் ஃபியூஸும் வேணும். இன்வெர்ட்டர் சார்ஜ் பண்ணும்போது பேட்டரி 14 வோல்ட்டுக்கு மேல ஏறும், ஹாம் செட்டுங்க பெரும்பாலும் தாங்கும், சின்ன 6 வோல்ட், 9 வோல்ட் ரேடியோ தாங்காது. அதுக்கு எல்எம்317ன்ற ஐசி வச்சு வோல்டேஜ குறைச்சு நிறுத்துற ரெகுலேட்டர் செஞ்சுக்கோங்க. அதே வேலைக்கு கடையில கிடைக்கிற பக் கன்வெர்ட்டர் போர்டு சூடாகாது தான், ஆனா அதுவும் ஸ்விட்சிங், இரைச்சல திரும்ப வீட்டுக்குள்ள கூட்டிட்டு வந்த மாதிரி ஆயிடும். இன்வெர்ட்டர் இரைச்சல் பேட்டரி வயர் வழியாவும் வரும், அதனால ரேடியோவுக்குன்னு தனியா ஒரு சின்ன பேட்டரி வச்சுக்கிறது இன்னும் சுத்தம்.

மறைமுக செலவு: டியூபுலர் நல்லா பார்த்துகிட்டா நாலஞ்சு வருஷம், அப்புறம் திரும்ப பதினஞ்சாயிரம் கிட்ட. ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை டிஸ்டில்டு வாட்டர். நம்ம உப்புக்காத்துல டெர்மினல் பச்சை கட்டும், சுடுதண்ணி ஊத்தி துடைச்சு வாசலின் தடவணும். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், அலமாரிக்குள்ள பூட்டி வைக்காதீங்க. கீழ்வீட்டுல தரையில வைக்கவே வைக்காதீங்க, 2015லயும் 2023லயும் தண்ணிக்குள்ள மூழ்கின பேட்டரிய நானே தூக்கி வெளிய போட்டிருக்கேன். லித்தியம், அதாவது லித்தியம் அயர்ன் பாஸ்பேட், எடை கம்மி, முக்காவாசிக்கு மேல எடுக்கலாம், தண்ணி ஊத்த வேண்டாம், ஆனா விலை ஏறும், உங்க பழைய இன்வெர்ட்டர் அதுக்கு ஏத்த மாதிரி சார்ஜ் பண்ணுமான்னு கேட்டுட்டு தான் வாங்கணும்.

எல்லாத்தையும் விட பெரிய குறை: தீர்ந்தா தீர்ந்தது தான். கரண்ட் வந்தா தான் திரும்ப நிரம்பும்.

## ஒரு பார்வைல

| | பழச சரி பண்றது | புது ஃபோர் ஸ்ட்ரோக் | இன்வெர்ட்டர், பேட்டரி |
|---|---|---|---|
| கையில இருந்து போறது | 1,000 முதல் 3,000 வரைக்கும், பிஸ்டன் வேலைன்னா இன்னும் கூடும் | பல ஆயிரம், இன்வெர்ட்டர் மாடல்னா அரை லட்சத்துக்கு மேல | ரெண்டும் சேத்து 20,000 தாண்டும் |
| ஓட்டுற செலவு | மணிக்கு 70 ரூபாய் கிட்ட | அதே லோடுக்கு அத விட கம்மி | ரொம்ப கம்மி, ஆனா நாலஞ்சு வருஷத்துல புது பேட்டரி |
| மூணு நாள் கரண்ட் இல்லேன்னா | பெட்ரோல் இருக்கிற வரைக்கும் | பெட்ரோல் இருக்கிற வரைக்கும் | ஃபேன், லைட் முதல் நாளே நின்னுடும், ரேடியோ மட்டும்னா தாங்கும் |
| ஃபிரிட்ஜ், மோட்டார் | 650 வாட்ல மோட்டார் ஓடாது | 2 கேவிஏல ஓடும் | சாதாரண வீட்டு இன்வெர்ட்டர்ல வேண்டாம் |
| ரேடியோ இரைச்சல் | பிளக், கேப் மாத்தினா தாங்கலாம் | மாடலுக்கு மாடல் மாறும், கேட்டு வாங்கணும் | நேரா டிசி எடுத்தா சுத்தம் |
| ஃபிளாட்ல | முடியாது | முடியாது | முடியும் |
| நம்ம கை வேலை | முழுக்க | பாதி | கம்மி |

## யாருக்கு என்ன சொன்னேன்

பெரம்பூர் சாருக்கு இன்வெர்ட்டர் கூட வேண்டாம்னு சொன்னேன். யுபிஎஸ்ல போடுற 12 வோல்ட் 7 ஏஎச் சீல்டு பேட்டரி ஒண்ணு, எல்எம்317 ஒண்ணு, ஃபியூஸ் ஒண்ணு, எல்லாம் சேத்து ஆயிரத்து சொச்சம். அவரோட ரிசீவர் 150 மில்லி ஆம்பியர் தான் இழுக்குது, ராத்திரிக்கு மூணு மணி நேரம்னா ஒரு வாரம் வரும். மாட்டின அன்னைக்கு ராத்திரி மெயின் ஸ்விட்ச ஆஃப் பண்ணிட்டு ஆகாசவாணி திருச்சி 936ஐ போட்டு காட்டினேன். வீட்டுல ஒரு அடாப்டர், ஒரு எல்ஈடி பல்பு கூட எரியாததால பின்னாடி சுத்தமா அமைதி, செய்தி வாசிக்கிறவங்க மூச்சு எடுக்கிறது வரைக்கும் கேட்டுச்சு. கரண்ட் இருக்கும்போதும் இனிமே இதுலயே கேக்குறேன்னுட்டாரு.

எர்ணாவூர் அக்காவுக்கு புதுசு தான். இன்சுலின் விஷயத்துல 6 வருஷம் தூங்கின மெஷின நம்ப சொல்ல மாட்டேன். 2 கேவிஏ ஃபோர் ஸ்ட்ரோக், செல்ஃப் ஸ்டார்ட், மாடில ஒரு ஷீட்டுக்கு கீழ, சேஞ்ச்ஓவரோட. ஜென்செட்ட நாள் முழுக்க ஓட்ட வேண்டியது இல்ல, ஃபிரிட்ஜ அடிக்கடி திறக்காம இருந்தா காலைல ரெண்டு மணி நேரம், சாயங்காலம் ரெண்டு மணி நேரம் ஓட்டினா குளிர் நிக்கும், உள்ள ஒரு தெர்மாமீட்டர் வச்சு 2ல இருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கான்னு மட்டும் பார்த்துக்கணும். அந்த நேரத்துலயே சம்ப் தண்ணியும் ஏத்திக்கலாம், பையனோட பேட்டரியும் சார்ஜ் ஏத்திக்கலாம். மெஷின நிறுத்தின அப்புறம் அவன் பேட்டரில செட்ட போட்டு பேசுவான், அப்போ எந்த இன்ஜின் இரைச்சலும் கிடையாது. பட்ஜெட் உதைக்குதுன்னாங்க, அதுக்கு இன்வெர்ட்டர் ஜென்செட் வேண்டாம், சாதாரண ஃபோர் ஸ்ட்ரோக் போதும்னு சொல்லிட்டேன்.

தண்டையார்பேட்டை தம்பிக்கு நான் குடுத்த பதில் உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். அவனுக்கு இடம் இருக்கு, கை இருக்கு, அப்பாவோட மெஷின் இருக்கு. 2,000 ரூபாய்க்கு மேல செலவு போகுதுன்னா நிறுத்திட்டு வந்து சொல்லு, அதுக்குள்ள முடிஞ்சா அத விட லாபம் எதுவும் இல்லன்னேன். வீட்டு லைட்டுக்கும் ஃபேனுக்கும் சின்னதா ஒரு இன்வெர்ட்டர் அப்புறமா சேத்துக்கலாம், அவசரம் இல்ல.

போன ஞாயித்துக்கிழமை கார்புரேட்டர ஒரு டிஃபன் பாக்ஸ்ல போட்டு எடுத்துட்டு வந்தான். கிண்ணத்துக்குள்ள அதே பச்சை பிசின். மெயின் ஜெட் அடைப்பு எடுத்தாச்சு, ஃப்ளோட் ஊசியோட ரப்பர் முனை மட்டும் குழிஞ்சு போயிருக்கு, அதுக்கு இந்த வாரம் புதுப்பேட்டை போறோம்.